சைக்கிள் வந்தாச்சு, பாதை எங்கே?



2001-இல் மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள், பிறகு அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் வந்தது. ஆனால் ஓட்டுவது எங்கே? மெயின் ரோட்டில் லாரி உரசிக்கொண்டு போகிறது. "பஸ்ஸிலயே போ தாயி" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். சைக்கிள் திண்ணையோரம் துருப்பிடிக்கிறது.

நம்ம ஊரைச் சுற்றி வண்டிப்பாதைகள் இல்லையா? கண்மாய்க்கரை, பருத்திக்காடு, மல்லிக்காடு வழியாக ஊருக்கு ஊர் போகலாம். லாரி வராது, மயில்தான் குறுக்கே ஓடும். இப்போது இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் அடைத்துவிட்டது. ஒருதடவை போய்வந்தால் பஞ்சர் நிச்சயம். மழை பெய்தால் கரிசல் மண் மட்கார்டுக்குள் அப்பிக்கொள்ளும். அப்புறம் நாமதான் சைக்கிளைச் சுமக்கணும்!

இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் நடுவே கைவிட்ட ரயில் பாதையை 1979 முதல் 1986-க்குள் சைக்கிள் பாதையாக்கினார்கள். சுமார் 21 கி.மீ. தூரம். தொண்டர்களும் சேர்ந்து உழைத்தார்கள். நமக்கோ வண்டித்தடமே தயாராக இருக்கிறது. முள்ளை வெட்டினால் மறுபடி தழைக்கும், வேரோடு எடுக்கணும். மேலே சரளை போடுவதைப் பேரூராட்சியிடம் கேட்போம்.

அடுத்த என்.எஸ்.எஸ். முகாமைக் கண்மாய்க்கரையிலேயே போடலாமே, சார்? கடப்பாரை எங்க வீட்டில் இருக்கு.