குப்பியில் இருக்கும் புரதத்தைச் சோதிக்காமல் ஆய்வு எதற்கு?

நம் செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனியாக ஒரு புரதக்கூடம் இயங்குகிறது. மைட்டோரைபோசோம் எனப்படும் அதில் ஏறத்தாழ 80 புரதங்கள் ஆர்.என்.ஏ. இழைகளோடு பின்னிக் கிடக்கின்றன. அது தயாரிப்பது 13 புரதங்களை மட்டுமே. ஆனால் அவை இல்லாவிட்டால் நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் உருவாக்க முடியாது. இந்தக் கூடத்தின் புரதங்களில் ஒன்றான எம்ஆர்பிஎல்44-க்கான மரபணு பழுதானால் பச்சிளங்குழந்தைகளின் இதயத்தசை நோயுறக்கூடும் என்பது 2013-இல் தெரியவந்தது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு லினசோலிட் மாத்திரையை நீண்ட நாள் தரும்போது ரத்த அணுக்களும் நரம்புகளும் பாதிக்கப்படுவதற்கு, இந்தக் கூடம் முடங்குவதே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. இவ்வளவு முக்கியமான புரதங்களை இன்று பாக்டீரியாவில் உருவாக்கி, மைக்ரோகிராம் கணக்கில் குப்பியில் அடைத்து ஆய்வகங்களுக்கு விற்கிறார்கள். வாங்குகிற ஆய்வகம் அதைத் தானே சோதித்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும். பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வுகளுக்கு இதை நிபந்தனையாகவே விதிக்க வேண்டும்.

காரணம், இவை தனித்து நிற்கப் பிறந்த புரதங்கள் அல்ல. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் கேம்பிரிட்ஜ் குழு 2015-இல் மனித மைட்டோரைபோசோமின் முழு அமைப்பை வெளியிட்டது. புரதங்கள் ஒன்றையொன்றும் ஆர்.என்.ஏ.வையும் பற்றிக்கொண்டிருப்பதை அதில் காணலாம். அந்தத் துணைகள் எதுவும் இல்லாத ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் ஒரு புரதத்தை மட்டும் உருவாக்கினால், அது சரியாக மடியாமல் கட்டியாகத் திரண்டுவிடக்கூடும். மனித செல்லில் இப்புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்ததும் பலவற்றின் முன்முனைத் துண்டு வெட்டி நீக்கப்படுகிறது. பாக்டீரியாவில் அது நீங்காமல் தங்கிவிடலாம். ஆர்.என்.ஏ.வைப் பற்றுவது இவற்றில் பலவற்றின் இயல்பு என்பதால், பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ.வும் ஒட்டிக்கொண்டே வரக்கூடும். ‘90 சதவீதத்துக்கு மேல் தூய்மை’ என்று விற்பனைத் தாள் சொல்வது பெரும்பாலும் புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் தெரியும் ஒரு நீலப் பட்டையை வைத்துத்தான். ஜெல்லில் ஏற்றுவதற்கு முன்பே புரதத்தைக் கொதிக்கவைத்து விரித்துவிடுவதால், அது சரியாக மடிந்திருந்ததா என்பதை அந்தப் பட்டை சொல்லாது. அந்த நீலச் சாயம் ஆர்.என்.ஏ.வைக் காட்டவும் காட்டாது.

இது வெறும் ஐயம் அல்ல. மைட்டோகாண்ட்ரியாவின் இன்னொரு புரதமான எச்எஸ்பி60-இன் கதையே இதற்குச் சாட்சி. பாக்டீரியாவில் தயாரித்த இப்புரதத்தை நோய் எதிர்ப்பு செல்களில் சேர்த்தால் அவை அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன என்று பல ஆய்வுகள் அறிவித்தன. அதன்மேல் கோட்பாடுகளும் எழுந்தன. ஆனால் பாக்டீரிய நச்சு வெகுவாக நீக்கப்பட்ட எச்எஸ்பி60, டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருளை எலிகளின் செல்களிலிருந்து சுரக்கச் செய்யவில்லை என்று 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. செல்களைத் தூண்டியது புரதம் அல்ல, கூடவே வந்த பாக்டீரிய நச்சு என்பதே அதன் முடிவு. புரதத்தோடு வேறு என்ன வந்திருக்கிறது என்று முதலிலேயே பார்த்திருந்தால் பலருடைய உழைப்பு மிஞ்சியிருக்கும்.

‘ஏற்கெனவே நிதி பற்றாத ஆய்வகங்கள் மேல் இன்னொரு சுமையா?’ என்ற கேள்வி நியாயமானது. ஆனால் புற ஊதாக் கதிரின் இரண்டு அலைநீளங்களில் ஒளி உறிஞ்சலை அளந்தாலே ஆர்.என்.ஏ. கலப்பு இருப்பது தெரிந்துவிடும். அதற்குச் சில நிமிடம் போதும். புரதத்தின் நிறையைத் துல்லியமாக அளக்கும் கருவியைப் பல ஆய்வகங்கள் பகிர்ந்துகொள்ளலாம். சோதிக்காமல் விடுவதற்கான விலை இதைவிடப் பல மடங்கு பெரிது. மறுபடி செய்தால் அதே முடிவு வராத மருத்துவ அடிப்படை ஆய்வுகளுக்கு அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 2,800 கோடி டாலர் செலவாகிறது என்று 2015-இல் வெளியான ஒரு கணக்கீடு சொன்னது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தரமற்ற ஆய்வுப் பொருள்களின் கணக்கில் சேர்க்கப்பட்டது. ‘நோயாளிக்குக் கொடுக்கப்போவதில்லையே’ என்பார்கள் சிலர். நோயாளிக்கான மருந்து இந்த முடிவுகளின் மேல்தான் தேடப்படுகிறது. எல்லா வேலைக்கும் எல்லாச் சோதனையும் வேண்டும் என்பதல்ல என் வாதம். எதிர்ப்பொருள் உருவாக்க, விரிந்துபோன புரதம்கூடப் போதும்; ஆனால் ஆர்.என்.ஏ.வோடு பிணைவதை அளக்க அது உதவாது. எந்த வேலைக்கு எந்தச் சோதனை என்பதை ஆய்வாளர் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.

நம் அரசு ஆய்வகங்களின் கொள்முதலில் குறைந்த விலைப்புள்ளிக்கே நெடுங்காலமாக முன்னுரிமை. புரதத்தைப் பொறுத்தவரை இந்த அளவுகோல் தவறானது. புரதத்தின் முழு வரிசை, பிரித்தெடுப்பதற்காக அதில் ஒட்டப்பட்ட வால், எந்தக் கரைசலில் இருக்கிறது, அந்தத் தொகுதியின் சோதனை முடிவு ஆகிய நான்கையும் தராத நிறுவனத்தின் விலைப்புள்ளியைத் திறக்கவே கூடாது. தொழில் ரகசியம் என்று அவர்கள் மறுக்கலாம். எப்படித் தயாரித்தோம் என்பதை அவர்கள் ரகசியமாக வைத்துக்கொள்ளட்டும். எதை விற்கிறோம் என்பதை மறைக்க எந்த விற்பனையாளருக்கும் உரிமை இல்லை. நிதி வழங்கும் அமைப்புகள் இந்த ஒரு விதியைக் கொண்டுவந்தாலே, நிறுவனங்கள் தாமாக வழிக்கு வரும்.