பேருந்து வாங்கினால் போதுமா, ஓட்ட வேண்டாமா?

பொருளாதாரம் சரியும்போது அரசுப் பேருந்துக்கு இரண்டு பக்கமும் அடி விழுகிறது. வேலை இழந்தவர்கள் பயணத்தைக் குறைப்பதால் கலெக்‌ஷன் இறங்குகிறது. வரி வருவாய் சுருங்கிய அரசு, தர வேண்டிய மானியத்தைத் தள்ளிப்போடுகிறது. டீசல் செலவும் சம்பளமும் மட்டும் அப்படியே நிற்கின்றன.

தமிழகம் இதை 2020-இல் கண்கூடாகப் பார்த்தது. பெருந்தொற்று ஊரடங்கால் மார்ச் இறுதியில் பேருந்துகள் பணிமனைகளுக்குள் முடங்கின. சென்னையில் செப்டம்பரில்தான் மீண்டும் ஓடத் தொடங்கின. அத்தனை மாதமும் டிக்கெட் வருமானம் இல்லை. ஊழியர்களுக்குச் சம்பளம் தந்தாக வேண்டும். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வெள்ளை அறிக்கை வெளியிட்ட அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன், அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நஷ்டம் என்றார்.

பழியைப் பெருந்தொற்றின் மேல் மட்டும் போட முடியாது. 2011 நவம்பருக்குப் பிறகு 2018 ஜனவரியில்தான் கட்டணம் உயர்ந்தது. ஆறு ஆண்டுகள் சேர்ந்த சுமை ஒரே நாளில் பயணிகளின் தலையில் இறங்கியது. சென்னையில் 3 ரூபாய் டிக்கெட் 5 ரூபாயானது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சில நாட்களிலேயே அரசு கட்டணத்தைக் கொஞ்சம் குறைத்தது. அதன் பிறகு எந்த ஆட்சியும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கேரளம் 2022-இல் குறைந்தபட்சக் கட்டணத்தை 8 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக்கியது. கர்நாடகம் 2025 ஜனவரியில் 15 சதவீதம் உயர்த்தியது.

கட்டணத்தை ஏற்றாமல் இருப்பது தவறல்ல. ஏற்றாததன் விலையை யார் தருகிறார்கள் என்பதே கேள்வி. தமிழகத்தில் அதைத் தொழிலாளர்கள் தந்தார்கள். ஓய்வுபெற்றவர்களின் பணப்பலன் நிலுவையில் நின்றது. 2018 ஜனவரியிலும் 2024 ஜனவரியிலும் நடந்த வேலைநிறுத்தங்களில் இந்த நிலுவைகள் முக்கியக் கோரிக்கை. மிச்சத்தைப் பயணிகள் தந்தார்கள், ஆயுள் முடிந்தும் ஓடும் வண்டிகளாகவும், ‘டிரிப் கட்’ ஆகவும். கிராமத்துக்கு வரும் காலை டிரிப் ஒன்று நின்றால் பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி மூன்றும் எட்டாமல் போகின்றன.

ஓட்டும் செலவுக்குப் பணம் தராவிட்டால் சேவை நின்றுவிடும் என்ற பாடத்தை அமெரிக்கா பட்டுத்தான் கற்றது. 2008 நெருக்கடிக்குப் பின் அட்லாண்டாவை ஒட்டிய கிளேட்டன் கவுன்ட்டி நிர்வாகம், பட்ஜெட் பற்றாக்குறையைச் சமாளிக்கத் தன் பேருந்துச் சேவை முழுவதையும் 2010 மார்ச் 31-உடன் மூடிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஒபாமா அரசு பொதுப் போக்குவரத்துக்கு 840 கோடி டாலர் ஊக்க நிதி ஒதுக்கியிருந்தது. ஆனால் அது பெரும்பாலும் வண்டி வாங்கவும் கட்டுமானத்துக்கும் உரியது. ஓட்டுநர் சம்பளம் போன்ற அன்றாடச் செலவுக்கு அதில் சிறு பகுதியைத்தான் எடுக்க முடிந்தது. புது வண்டிக்குப் பணம் இருந்த நாட்டில், இருந்த வண்டியை ஓட்டப் பணம் இல்லை. கிளேட்டனில் மக்களே 2014-இல் வாக்களித்து ஒரு சதவீத விற்பனை வரியை ஏற்றுக்கொண்ட பின்புதான், 2015-இல் பேருந்து திரும்ப வந்தது. 2020 பெருந்தொற்றின்போது ஒதுக்கிய 2,500 கோடி டாலரை, சம்பளத்துக்கும் எரிபொருளுக்கும் செலவிடலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதித்தது.

இங்கேயும் புதுப் பேருந்து வாங்க ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடன் கிடைக்கிறது. கொடியசைக்க அமைச்சர்களும் வருகிறார்கள். ஓட்டும் செலவுக்குத்தான் ஆண்டுதோறும் கையேந்த வேண்டியிருக்கிறது. பெண்களுக்கான கட்டணமில்லா ‘விடியல் பயண’த் திட்டத்துக்கு 2025-26 பட்ஜெட்டில் 3,600 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இதைச் சலுகை என்றோ நஷ்டஈடு என்றோ பார்ப்பது தவறு. அரசு தன் மக்களுக்காக வாங்கும் சேவைக்கான விலை அது. விலையை உரிய நேரத்தில், ஓடிய தூரத்துக்கு ஏற்பத் தர வேண்டும்.

அப்படித் தர முடியும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து கிளம்பிய மின்சாரப் பேருந்துகளைத் தனியார் நிறுவனம் இயக்குகிறது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தப்படி அதற்குப் பணம் போகிறது. வண்டியில் கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தொகை மாறாது. தனியாருக்குத் தரும் இந்த உத்தரவாதத்தை அரசின் சொந்தக் கழகங்களுக்குத் தர ஏன் தயங்க வேண்டும்?

எட்டுப் போக்குவரத்துக் கழகங்களுடனும் கிலோமீட்டர் அடிப்படையில் பல ஆண்டு ஒப்பந்தம் போட்டு, மாதந்தோறும் பணம் சேரும்படி சட்டமாக்க வேண்டும். அதற்கு ஈடாக, எந்த வழித்தடத்தில் எத்தனை டிரிப் ஓடியது, எத்தனை ரத்தானது என்பதைக் கழகங்கள் பொதுவெளியில் வைக்க வேண்டும். வருவாய் நன்றாக இருக்கும் ஆண்டிலேயே இதைச் செய்துவிட வேண்டும். அடுத்த சரிவு வந்த பிறகு, எந்த நிதியமைச்சரும் இதற்குக் கையெழுத்துப் போட மாட்டார்.