சுமைக் கணக்கும் கைக்கருவியும்

ஆகாய விமானத்தில் பாரம் ஏற்றுவது மாட்டு வண்டியில் மூட்டை அடுக்குவது போன்றதன்று. வண்டியில் பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும். வண்டிக்காரன் இறங்கி, இரண்டு மூட்டைகளை முன்னே தள்ளிவிட்டுப் பயணத்தைத் தொடர்வான். ஆகாயத்தில் அவ்வாறு இறங்கித் திருத்த வழியில்லை. ஆகவே விமானம் தரையை விட்டு எழும்புமுன்னரே, அதன் மொத்த எடையும் ஈர்ப்பு மையமும் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் அமைந்துள்ளனவா என்று கணக்கிட வேண்டியுள்ளது.

இக்கணக்கின் அடிப்படை பள்ளி மாணவரும் அறிந்ததே. ஒவ்வொரு பொருளின் எடையையும், ஓர் ஆதாரக் கோட்டிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கி, வரும் தொகைகளைக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையத்தின் இடம் கிடைக்கும். 2,00,000 கிலோகிராம் மொத்த எடையுள்ள விமானத்தில் 5,000 கிலோகிராம் பாரத்தை 8 மீட்டர் பின்னே நகர்த்தினால், ஈர்ப்பு மையம் 20 சென்டிமீட்டர் பின்வாங்கும்.

கணக்கு எளிது; உருப்படிகளோ பல. இந்திய விமானப் படையில் 2013-ஆம் ஆண்டு முதல் பணிபுரியும் ஸி-17 விமானம் ஏறக்குறைய 77 டன் சுமக்க வல்லது. பாலெட் எனப்படும் சரக்குப் பலகைகள் 18-க்கு அதில் இடமுண்டு. வாகனங்கள் ஏற்றப்படும்போது ஒவ்வொரு சக்கர அச்சின் பாரத்தையும், அதைத் தரைப்பலகை தாங்குமா என்பதையும் தனித்தனியே பார்க்க வேண்டும். கடைசி நேரத்தில் ஒரு வாகனம் மாறினாலும் முழுக் கணக்கையும் மீண்டும் போட வேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இதற்கெனவே தனி ஸ்லைடு ரூல்கள் இருந்தன. பின்னர்க் கணினிகள் வந்தன. 2012-இல் அமெரிக்க விமானப் படையின் போக்குவரத்துப் பிரிவு, காகிதக் கையேடுகளுக்குப் பதிலாக ஐபேடுகளை வாங்கத் தொடங்கியது. கையில் அடங்கும் கருவியொன்றில் செயலியை அமைத்து, விமானத்தின் அருகில் நின்றபடியே சுமைத் திட்டம் வகுப்பது இன்று இயலக்கூடியதே. மாற்றம் நேர்ந்தவுடன் அது மறுகணக்கு செய்யும். எல்லை மீறினால் எச்சரிக்கும். களைப்பால் கூட்டலில் தவறாது. இதனை வரவேற்க வேண்டும் என்பதில் ஐயமில்லை.

ஆயினும், செயலி தனக்குக் கொடுக்கப்பட்டதையே கணக்கிடும் என்பதை மறத்தலாகாது. 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானத்தின் பக்ராம் தளத்திலிருந்து, அமெரிக்கப் படையின் கவச வாகனங்கள் ஐந்தை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட போயிங் 747 சரக்கு விமானம், எழும்பிய சில நொடிகளில் வீழ்ந்தது. அதிலிருந்த எழுவரும் மாண்டனர். வாகனம் ஒன்றேனும் கட்டவிழ்ந்து பின்னோக்கிச் சென்று, ஹைட்ராலிக் அமைப்புகளையும், வால்பகுதிச் சமன்தகட்டை இயக்கும் பொறியையும் சேதப்படுத்தியது என்று விசாரணையில் தெரியவந்தது. வாகனங்களைக் கட்டிய முறை போதுமானதாக இல்லை. விமானத்தையும் சரக்குத் தாங்கு அமைப்பையும் தயாரித்தோர் தந்திருந்த இன்றியமையாத விவரங்கள், விமானத்தை இயக்கிய நிறுவனத்தின் கையேட்டில் விடுபட்டிருந்தன.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இவ்விடுபாடே பெரிதாகத் தோன்றுகிறது. மூலத்தில் இல்லாத வரியை எத்துணைச் சிறந்த மொழிபெயர்ப்பும் தர இயலாது. குறையுள்ள கையேட்டை அடிப்படையாகக் கொண்டு செயலி இயற்றினால், அக்குறை அழகிய திரையில் ஐயத்துக்கு இடமின்றித் தோன்றும். காகிதத்தில் ஐயுறுபவரும் திரையை நம்பிவிடுவர். அபாயம் அங்கேதான் உள்ளது.

அளவைகளிலும் இவ்வாறே. 1983-இல் கனடாவில், ராத்தலுக்கு உரிய எண்ணைக் கிலோகிராமுக்கு உரியதெனக் கொண்டமையால், பயணிகள் விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து நடுவானில் எஞ்சின்கள் நின்றது. விமானிகளின் திறமையால் அனைவரும் உயிர் பிழைத்தனர். அன்று பெருக்கல் தவறவில்லை. பெருக்கிய எண்ணே தவறானது.

ஆகவே இத்தகைய செயலிகளை ஏற்குமுன் மூன்று விதிகளை வற்புறுத்துதல் நலம். முதலாவது, திரையில் காணும் ஒவ்வொரு வரம்பும் எந்த மூல நூலின் எந்தத் திருத்தப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும், எந்த அளவையில் உள்ளது என்பதும் உடன் காட்டப்பட வேண்டும். இரண்டாவது, பாரத்தின் எடை மதிப்பீடாக அன்றித் தராசில் நிறுத்ததாக இருக்க வேண்டும். மூன்றாவது, லோட்மாஸ்டர் எனப்படும் சரக்குப் பொறுப்பாளர் பென்சிலால் ஒரு தோராயக் கணக்கைத் தனியே போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பதோடு, சங்கிலிகளையும் பட்டைகளையும் தம் கையாலேயே சோதித்தறிய வேண்டும்.

சங்கிலி இறுக்கமாக உள்ளதா என்பதைத் திரை அறியாது. அதைத் தொட்ட கையே அறியும். கருவி கணக்கின் சுமையைக் குறைக்கட்டும். பொறுப்பின் சுமை மனிதரிடமே இருத்தல் வேண்டும்.