விதியும் ஒரு பயிற்றுநர்தான்

மாலை ஐந்தரைக்கு மேல் சுங்கை காடுட்டில் எங்கள் தாமான் கூடைப்பந்துத் திடலுக்கு வந்தால் ஆறு பேர் இருப்பார்கள். நல்ல நாளில் எட்டுப் பேர். தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பந்து என்றாலே காற்பந்துதான். அதனால் இங்கே பத்துப் பேர் சேர்ந்து முழுத் திடலில் ஆடுவது அரிது. அரைத் திடல், ஒரு கூடை, அணிக்கு மூன்று பேர். அவ்வளவுதான்.

கடந்த பள்ளி விடுமுறையில் இடைநிலைப்பள்ளித் தம்பி தங்கைகளோடு ஆடினேன். உயரமான ஒரு தம்பியிடமே எப்போதும் பந்து இருந்தது. தட்டிக்கொண்டே போவான், எறிவான். படிவம் 1 படிக்கும் தங்கை ஒருத்தி அரை மணி நேரத்தில் இரண்டு முறைதான் பந்தைத் தொட்டாள். “பாஸ் பண்ணு” என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

பிறகு ஒரே ஒரு விதியை மாற்றினோம்: பந்தைத் தரையில் தட்டக் கூடாது. “அப்புறம் எப்படிண்ணா ஆடறது?” என்று அந்தத் தம்பி முகம் சுளித்தான். ஆனால், ஐந்து நிமிடத்தில் ஆட்டம் மாறிவிட்டது. பந்தை வைத்திருப்பவர் நகர முடியாது. ஆகவே மற்ற இருவரும் ஓடி இடம் தேட வேண்டும். மூலையில் நின்ற தங்கை கூடைக்கு அருகில் ஓடி வந்து கை நீட்டினாள். பந்தும் வந்தது.

இது நாங்கள் கண்டுபிடித்ததல்ல. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் வகுத்த முதல் 13 விதிகளிலேயே, பந்தோடு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்று இருந்தது. விதி மாறும்போதெல்லாம் ஆட்டக்காரர்களின் சிந்தனையும் மாறியிருக்கிறது. 1950இல் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டம் ஒன்று 19-18 என்ற புள்ளிகளில் முடிந்தது. வலிமையான எதிரணிக்குப் பந்து கிடைக்காதபடி ஃபோர்ட் வேய்ன் அணியினர் அதைக் கையிலேயே வைத்திருந்தார்கள். அப்போதைய விதி அதைத் தடுக்கவில்லை. 1954இல் 24 வினாடிக்குள் எறிய வேண்டும் என்ற விதி வந்தது. அந்தத் தந்திரம் செத்தது.

2010 சிங்கப்பூர் இளையோர் ஒலிம்பிக்கிலும், பிறகு தோக்கியோ ஒலிம்பிக்கிலும் இடம்பெற்ற மூவர் கூடைப்பந்தைப் பாருங்கள். இன்றைய விதிப்படி ஆட்டம் 10 நிமிடம். அதற்குள் 21 புள்ளி எடுக்கும் அணி உடனே வெல்லும். பந்து கிடைத்த 12 வினாடிக்குள் எறிய வேண்டும். வளைகோட்டுக்கு உள்ளிருந்து போட்டால் 1 புள்ளி, வெளியிலிருந்து போட்டால் 2.

ஒரு சின்னக் கணக்கு. நீங்கள் உள்ளிருந்து பத்து முறை எறிந்தால் ஐந்து விழும், வெளியிலிருந்து எறிந்தால் மூன்று விழும் என்று வைத்துக்கொள்வோம். ஐவர் ஆட்டத்தில் உள்ளிருந்து 10 புள்ளி, வெளியிலிருந்து 9. உள்ளே போவதே இலாபம். மூவர் ஆட்டத்தில் உள்ளிருந்து 5, வெளியிலிருந்து 6. அதே கை, அதே திறன். ஆனால் விடை தலைகீழ். தற்காப்பு ஆட்டக்காரர் எங்கே நிற்க வேண்டும் என்பதும் அதோடு மாறிவிடுகிறது.

தோக்கியோ ஒலிம்பிக்கின் மூவர் ஆட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது: ஆட்டத்தின்போது பயிற்றுநர் திடலோரத்தில் நின்று வழிநடத்தக் கூடாது. ஆட்டக்காரர்களே பேசி முடிவெடுக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு மிகவும் தேவைப்படுவது இதுதான் என்பேன்.

ஏனெனில், புறப்பாட நேரத்தில் நம்மில் பலர் கண்டது வேறு. இரண்டு பந்து, முப்பது மாணவர், ஒரு நீண்ட வரிசை. முறை வந்ததும் ஒரு தடவை எறிந்துவிட்டு மீண்டும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். எறியக் கற்கலாம், எப்போது எறிய வேண்டும் என்பதைக் கற்க முடியாது. அதே நேரத்தில் இரண்டு கூடைகளிலும் மூவர் ஆட்டங்களைச் சுழற்சி முறையில் நடத்தினால் ஒவ்வொருவரும் பல முறை முடிவெடுப்பார்கள். செலவும் கூடாது.

ஒன்றை மறக்கக் கூடாது. ஒவ்வொரு விதியும் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை எடுத்துக்கொள்கிறது. தட்டாமலே ஆடிப் பழகியவருக்கு, எதிராளியைத் தாண்டி ஊடுருவும் துணிவு வளராது. எங்கள் திடலில் தற்காப்பு ஆட்டக்காரர்களும் விரைவில் தந்திரத்தைக் கண்டுகொண்டு, நகர முடியாதவரை நெருக்கத் தொடங்கினார்கள். எனவே, புது விதியைப் பத்து நிமிடம் வைத்துப் பார்த்துவிட்டு நீக்க வேண்டும். கற்றது சாதாரண ஆட்டத்திலும் தெரிகிறதா என்று கவனிக்க வேண்டும்.

விதியை நீக்கிய பிறகு எங்கள் ஆட்டத்தில் அந்த உயரமான தம்பி மீண்டும் பந்தைத் தட்டிக்கொண்டு போனான். இருவர் அவனை மறித்தார்கள். நின்றான், இடப்பக்கம் பார்த்தான். தங்கை ஏற்கெனவே அங்கே ஓடியிருந்தாள். யாரும் கத்தவில்லை. பந்து அவளிடம் போனது.

பத்துப் பேர் சேரட்டும், முழுத் திடல் கிடைக்கட்டும், பயிற்றுநர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், மாணவர்களே. இன்று மாலை திடலில் யாருக்குப் பந்து கிடைக்கவில்லை என்று பாருங்கள். அவருக்குக் கிடைக்கும்படி ஒரே ஒரு விதியை மாற்றிப் பாருங்கள்.