ரத்தம் ஏற்றுமுன் இதயத்தையும் பாருங்கள்



உங்கள் இதழில் வந்த ரத்த தானம் பற்றிய கட்டுரை அருமை. ஆனால் அந்த ரத்தத்தை ஏற்றும் இடத்தில் நடப்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். ஹீமோகுளோபின் குறைந்தால் உடனே "ரெண்டு யூனிட் போடுங்க" என்பார்கள். அதை இதயம் தாங்குமா என்று கேட்பவர்கள் குறைவு. இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மூச்சுத்திணறலோடு ரத்த அழுத்தமும் ஏறும். இதை அலர்ஜி என்று நினைத்து ஊசி போட்டதையும் பார்த்திருக்கிறேன்.

ஹீமோகுளோபின் குறைந்ததுமே ஏற்றியாக வேண்டும் என்பதும் இல்லை. கனடாவில் 838 நோயாளிகளிடம் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனபோது மட்டும் ரத்தம் ஏற்றப்பட்டவர்கள், 10-க்கு மேல் பராமரிக்கப்பட்டவர்களைவிட மோசமாகிவிடவில்லை. (மாரடைப்பு வந்தவர்களின் கணக்கு வேறு.)

கட்டுக்கடங்காத ரத்தப்போக்கு தவிர மற்ற நேரங்களில், ஏற்றுமுன் படுக்கையருகிலேயே இதய எக்கோ எடுக்கலாம். எக்கோ வசதி இல்லாத இடத்தில் கழுத்து ரத்தநாளப் புடைப்பு, கால் வீக்கம், நுரையீரல் சத்தம் ஆகியவற்றையாவது பார்க்க வேண்டும். ஒரு யூனிட் முடிந்ததும் மறுபடி பரிசோதித்த பிறகே அடுத்ததைத் தொடங்கலாம். இதுபற்றி இதயநோய் மருத்துவர் ஒருவரிடம் கட்டுரை வாங்கி வெளியிடுங்கள்.

— ஒரு வாசகி, திருநெல்வேலி