பெட்டிக்குள் தொங்கும் பாரம்

ஒலிபெருக்கி இல்லாமல் கடைத்தெருவில் எந்த விழாவும் நடப்பதில்லை. மே 5 வணிகர் தினம், புதுக்கடைத் திறப்பு, ஆடித் தள்ளுபடி, கோயில் திருவிழா என்று எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் பெட்டிகளை வாடகைக்கு எடுக்கிறோம். சில ஊர்ச் சங்கங்கள் சொந்தமாகவே வாங்கி வைத்திருக்கின்றன. கூம்பு ஒலிபெருக்கி கூடாது என்று காவல்துறை நிபந்தனை விதிக்கத் தொடங்கிய பிறகு பெட்டிகளுக்கு கிராக்கி கூடிவிட்டது. அவற்றை விற்பவர்களும் செய்து தருபவர்களும் நம் உறுப்பினர்களில் உண்டு. ஆகவே வாங்குவோர், விற்போர் இரு தரப்பாரும் கவனிக்க வேண்டிய ஒன்றை இங்கே எழுதுகிறோம்.

பெட்டி வாங்கும்போது எத்தனை வாட்ஸ், எத்தனை இஞ்ச் என்று கேட்கிறோம். வர்ணத்தையும் முன்வலையையும் பார்க்கிறோம். உள்ளே எட்டிப் பார்ப்பவர் யாரும் இல்லை. மிளகாய் மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்காமல் விலை பேசாத நாம், இதில் மட்டும் முகத்தைப் பார்த்துப் பணம் கொடுக்கிறோம்.

தெருவில் கூம்பு வேண்டாம் என்று பெட்டிக்கு மாறினாலும், பெட்டிக்குள்ளும் ஒரு கூம்பு இருக்கிறது. பேச்சையும் உச்ச ஸ்வரங்களையும் தெளிவாகத் தருவது அதுதான். அதன் பின்னால் பொருத்தியிருக்கும் கனத்த உருளைக்குக் கம்ப்ரஷன் டிரைவர் என்று பெயர். மெல்லிய தகடு அதிர்ந்து, காற்றைக் குறுகிய தொண்டை வழியே அழுத்தித் தள்ளுவதால், குறைந்த மின்சாரத்தில் பெரிய சத்தம் கிடைக்கிறது. 1926-ல் அமெரிக்காவில் பேசும் படக் கொட்டகைகளுக்கு வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் கொண்டுவந்த டிரைவரின் அடிப்படையே இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

இந்த டிரைவரின் கனமெல்லாம் காந்தத்தில் இருக்கிறது. ஃபெரைட் காந்தம் வைத்த 1 இஞ்ச் டிரைவர் 2 கிலோ அளவில் இருக்கும். 2 இஞ்ச் வகை 5 கிலோவைத் தாண்டும். பழைய வகைகளில் 10 கிலோவுக்கு மேற்பட்டவையும் உண்டு. இந்தப் பாரம் முழுவதும் கூம்பின் வால் நுனியில், தாங்க ஒன்றுமில்லாமல் அந்தரத்தில் நிற்கிறது.

தூக்குக்கோல் பார்த்தவர்களுக்கு இதன் கணக்கு எளிதில் புரியும். கோலில் கல் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அவ்வளவு அதன் வலு கூடும். 5 கிலோ டிரைவரின் பாரம் முன்பலகையிலிருந்து 25 செ.மீ. பின்னால் நிற்கிறது, கூம்பு விளிம்பின் கீழ் ஓரத்துக்கும் மேல் திருகுகளுக்கும் இடைவெளி 12.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அந்த மேல் திருகுகளை வெளியே இழுக்கும் விசை 10 கிலோ. இது பெட்டி அசையாமல் நிற்கும்போது. குண்டும் குழியுமான சாலையில் லோடு ஆட்டோ ஒருமுறை தூக்கிப் போட்டால் அது பல மடங்காகும்.

விளைவு என்ன? பிளாஸ்டிக் கூம்பின் தொண்டையில் விரிசல் விடும். மரத்திருகுகள் துளையில் இளகும். இணைப்பில் காற்று கசிந்து ஒலி கரகரக்கும். பலத்த அடி பட்டால் காந்தம் இடம் நகர்ந்து, சுருள் உரசி, டிரைவரே பாழாகும். "ஆம்ப்ளிஃபையரை அதிகமாகத் திறந்துவிட்டீர்கள்" என்று பழி மட்டும் நம் தலையில் விழும். ஜனங்கள் நிற்கும் இடத்துக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட பெட்டியில் இது நேர்ந்தால், நஷ்டம் பணத்தோடு நிற்காது.

பரிகாரம் எளிது. டிரைவரின் வட்டத்துக்கு ஏற்பக் குடைந்த ப்ளைவுட் தாங்கு ஒன்றைப் பெட்டியின் உள்சுவரில் உறுதியாகப் பொருத்த வேண்டும். நடுவில் ரப்பர் பட்டை வைத்து, மேலே இரும்புப் பட்டையால் வளைத்து முடுக்க வேண்டும். முதலில் கூம்பு, அடுத்து டிரைவர், கடைசியில்தான் தாங்கு. தாங்கு டிரைவரை மேலே நெம்பினால் தொண்டைக்கு அதுவும் கேடு. பாரம் தாங்கும் இடங்களில் மரத்திருகு போடாமல் போல்ட்டும் நட்டும் போட வேண்டும்.

"எல்லாப் பெட்டியிலுமா தாங்கு இருக்கிறது?" என்று செய்து தருபவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நியோடிமியம் காந்தம் வைத்த இலகுவான டிரைவருக்கும், ஒரே இடத்தில் நிற்கும் சிறு பெட்டிக்கும் இது பெரும்பாலும் தேவைப்படாது. வாரத்துக்கு நான்கு ஊர் ஏறி இறங்கும் பெரிய பெட்டிக்கு அவசியம் வேண்டும். ஒரு துண்டுப் பலகையிலும் நாலு போல்ட்டிலும் மிச்சம் பிடித்துப் போட்டிக்கு விலை குறைப்பது, எடையில் கை வைப்பதற்குச் சமம் என்பதே நம் கருத்து.

சங்கத்துக்குப் பெட்டி வாங்கும் பொறுப்பாளர்கள் பின்பலகையையோ கூம்பையோ கழற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். வாடகைக்கு எடுப்பவர்கள் பெட்டியை லேசாக ஆட்டிப் பார்க்கட்டும். உள்ளே தடதடத்தால் திருப்பி அனுப்பட்டும். விற்கும் உறுப்பினர்கள் தாங்கு வைத்த பெட்டிக்கு நியாயமான விலையைத் தயங்காமல் கேட்கட்டும். காரணத்தை எடுத்துச் சொன்னால் வாங்குபவர் கொடுப்பார். சரக்கின் தரம் மூட்டைக்குள் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாததல்ல. பெட்டிக்கும் அதுவே பொருந்தும்.