பள்ளி என்னும் சொல்லின் பொருள்



திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடையே அமைந்த மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் மடம் விளங்கும் தொன்மையான ஊர். பார்சுவநாதர் ஆலயத்தின் உயர்ந்த கோபுரமும், பாறையில் செதுக்கிய திருவுருவங்களைக் கொண்ட மலைநாதர் ஆலயமும் அவ்வூருக்கு அணி செய்வன. அங்கே உழவுத் தொழில் செய்துவரும் நயினார் ஒருவர் நமக்கு நெடுநாளைய நண்பர். அண்மையில் அவர் இல்லம் சென்றபோது, வெளியூரில் பொறியியல் பயிலச் சென்றிருந்த அவருடைய மகன் திண்ணையில் அமர்ந்திருக்கக் கண்டோம். கல்லூரி திறந்து மூன்று திங்களே ஆகியிருந்தன. பெட்டி படுக்கையோடு திரும்பிவிட்டானாம்.

"பாடம் கடினமோ, தம்பி?" என்று கேட்டோம்.

"இல்லை, ஐயா."

"எவரேனும் துன்புறுத்தினார்களோ?"

"துன்புறுத்தவும் அங்கே யாரும் இல்லை, ஐயா" என்றான்.

இவ்விடையின் பொருள் சற்றுப் பொறுத்தே நமக்கு விளங்கிற்று. அவன் தங்கிய விடுதியில் ஒரு மாடிக்கு ஒரே நீண்ட நடைவழி. இருபுறமும் மூடிய கதவுகள். பகலிலும் விளக்கெரிய வேண்டிய இருள். அறைக்கு ஒரு சன்னல் உண்டு. அதைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். வளாகத்தில் அமர்வதற்கு ஒரு மர நிழலோ, திண்ணையோ இல்லை. பொழுது சாய்ந்தபின் உண்ணாமை அவர்கள் குடும்ப வழக்கம். உணவுக்கூடமோ இரவு ஏழரை மணிக்குத்தான் திறக்கும். ஆகவே மாலையில் இரண்டு வாழைப்பழங்களை அறையில் தனியே உண்டு படுத்துக்கொண்டான். மூன்று திங்கள், ஒரு வேளை உணவுக்கு அவன் வரவில்லை என்பதை ஒருவரும் அறியவில்லை. அவனும் வீட்டாரிடம் தொலைபேசியில் "நன்றாக இருக்கிறேன்" என்றே கூறி வந்தான்.

"கட்டடம் ஒரு மனிதனைச் சோர்வுறச் செய்யுமா, ஐயா?" என்று நயினார் வினவினார். செய்யும் என்பதற்குச் சான்றுகள் உண்டு.

அமெரிக்காவில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் இருவகை விடுதிகள் இருந்தன. ஒன்றில் நீண்ட நடைவழி. முப்பதுக்கும் மேற்பட்டோருக்குப் பொதுவான குளியலறை. மற்றதில் நால்வர் அல்லது அறுவர் ஒரு சிறு கூடத்தைப் பகிர்ந்து வாழ்வர். ஆண்ட்ரூ பாம், ஸ்டூவர்ட் வாலின்ஸ் என்னும் உளவியலார் இவற்றை ஒப்புநோக்கி 1977ஆம் ஆண்டு நூலொன்று வெளியிட்டனர். நடைவழி விடுதியில் வாழ்ந்தோர் நெரிசலை மிகுதியாக உணர்ந்தனர்; பிறரைக் கண்டால் ஒதுங்கிச் செல்லும் இயல்பையும் பெற்றனர். விடுதிக்கு வெளியேயும் அப்பழக்கம் அவர்களைத் தொடர்ந்தது. யாரை எப்போது சந்திப்பது என்பது தம் விருப்பத்தில் இல்லாதபோது, மனிதன் எவரையும் சந்திக்காதிருப்பதையே தேர்ந்துகொள்கிறான்.

சன்னலைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளரின் பதிவேடுகளை ரோஜர் அல்ரிச் என்பவர் ஆராய்ந்து, 1984இல் முடிவை வெளியிட்டார். மரங்கள் தெரியும் சன்னலருகே படுத்திருந்தோர், செங்கற்சுவர் தெரியும் சன்னலருகே இருந்தோரைவிட விரைவில் இல்லம் திரும்பினர். கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

இவையெல்லாம் மேனாட்டார் கண்ட புதுமைகள் என எண்ண வேண்டா. 'பள்ளி' என்னும் நம் சொல்லையே நோக்குங்கள். பள்ளி என்றால் படுக்குமிடம், தங்குமிடம். சமண முனிவர்கள் தங்கிய இடம் பள்ளி எனப்பட்டது. அங்கே அவர்கள் கல்வி புகட்டியமையால் கற்குமிடத்துக்கும் அப்பெயர் நிலைத்தது என்று அறிஞர் கூறுவர். செஞ்சியை அடுத்த தொண்டூரில், குகைத்தளத்தில் வெட்டிய கற்படுக்கைகளைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டோடு இன்றும் காணலாம். ஒரு பாறையின் கீழ் சிலரே தங்க இயலும். அவர்களுள் ஒருவர் உண்ணாதிருந்தால் அடுத்த படுக்கையில் இருப்பவர் அறியாதிருப்பாரோ? தங்குமிடத்தையும் கற்குமிடத்தையும் ஒரே சொல்லால் வழங்கிய நாம், இன்று வகுப்பறைக்குக் குளிர்சாதனம் பொருத்திவிட்டு, மாணவன் படுக்குமிடத்தைப் பண்டகசாலைபோல் கட்டுகிறோம்.

நல்ல தங்குமிடம் எவ்வாறிருக்கும் என்பதைக் காணப் புதுச்சேரி வரை சென்றால் போதும். அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியாகிய 'கோல்கொண்டா'வை அந்தோனின் ரேமண்ட் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். 1930களின் பிற்பகுதியில் அதன் பணி தொடங்கியது. வெளிச்சுவர் இருக்க வேண்டிய இடத்தில் திருப்பக்கூடிய பலகைகள். அறைக்கதவுகளோ காற்றை உள்ளே விட்டுப் பிறர் பார்வையைத் தடுக்கும் மரச்சட்டங்கள். தனிமையும் வேண்டும், வெளியுலகத் தொடர்பும் வேண்டும் என்னும் இரு தேவைகளையும் அக்கட்டடம் மறவாதது. நம் தம்பியின் விடுதியில் இவ்விரண்டில் ஒன்றும் இல்லை.

2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,044 மாணவர்கள் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. உச்ச நீதிமன்றம் 2025 சூலைத் திங்களில் கல்வி நிலையங்களுக்கு நெறிமுறைகள் வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிலையத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் இருத்தல் வேண்டும். விடுதிகளில் மாடிக் கூரை முதலிய இடங்களுக்குக் காவலும், அறைகளில் தக்க பாதுகாப்பும் வேண்டும் என்பன அவற்றுட் சில. இவை இன்றியமையாதவை, உயிரைக் காப்பவை. ஆயினும் பூட்டும் தடுப்பும் ஆபத்தைத் தடுக்குமேயன்றி, ஒருவனுக்குத் துணையைத் தேடித் தரமாட்டா.

மரங்கள் மட்டும் இருந்தால் போதுமோ? போதா. சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகர நெரிசலை விட்டு 1937இல் தாம்பரத்துப் புதர்க்காட்டுக்குக் குடிபெயர்ந்து, அதனைச் சோலையாக்கியது. அது போற்றத்தக்க முன்மாதிரியே. ஆனால் கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில், மான்கள் உலவும் நிழலில் அமைந்த இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்திலும் மாணவர் சாவுகள் நேர்ந்துள்ளன. மனச்சோர்வுக்குக் காரணங்கள் பல: தேர்வு, கடன், சாதி இழிவு, நோய், வீட்டாரின் எதிர்பார்ப்பு. இவற்றைக் கட்டடம் தீர்க்காது. துன்பத்தில் இருப்பவனை மற்றொருவன் கண்டுகொள்ளும் வாய்ப்பைக் கட்டடம் கொடுக்கலாம், கெடுக்கவும் செய்யலாம்.

"இடித்துக் கட்டச் சொல்ல நான் யார், ஐயா?" என்றார் நயினார். இடிக்க வேண்டியதில்லை. பிள்ளையைச் சேர்க்குமுன் பெற்றோர் ஆய்வுக்கூடத்தைப் பார்ப்பதுபோல் விடுதியையும் நடந்து பார்க்க வேண்டும். சன்னலைத் திறந்தால் என்ன தெரிகிறது? இருவர் அமர்ந்து பேச நிழலுள்ள இடம் எங்கே? எத்தனை அறைகளுக்கு ஒரு மூத்த மாணவர் பொறுப்பு? ஒருவன் உணவுக்கு வராவிடில் யார் அறிவார்? இவ்வினாக்களைக் கூச்சமின்றிக் கேளுங்கள். பிள்ளை சோர்ந்திருக்கக் கண்டால், 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் 'டெலி மானஸ்' உதவியையும் நாடுங்கள். "எல்லாரும் படிக்கவில்லையா?" என்று கடிந்து மட்டும் கொள்ளாதீர்கள்.

நயினார் மகனைக் கடியவில்லை. அவனையே உடன் அழைத்துச் சென்று விடுதிக் காப்பாளரைக் கண்டார். காப்பாளர் நல்லவர், நடந்ததை அறிந்து வருந்தினார். மாலை ஆறு மணிக்கு உணவு கொடுக்க ஏற்பாடு செய்து, வேண்டுவோர் பெயர் தருக என அறிவிப்புப் பலகையில் எழுதினார். இருவர் பெயர் தந்தனர். ஒருவன் கருநாடகத்தான், மற்றவன் குசராத்தி. இருவரும் சமணக் குடும்பத்தினர். அவர்களும் அந்நாள்வரை அறையில் தனியே பழம் உண்டே படுத்திருந்தனர். மூவரும் ஒரே மாடியில், ஒரே நடைவழியில், சில கதவுகள் தள்ளி இருந்தவர்களே!

இப்போது மூவரும் ஒன்றாய் அமர்ந்து உண்கிறார்களாம். சுவர் அப்படியேதான் நிற்கிறது. உணவுக்கூடத்தின் ஒரு மேசை மட்டும் அவர்களுக்குப் பள்ளியாயிற்று.